31 வயதில் அரசர் முன்: 1957 நோபல் விழாவும் ஓர் ஆண்டுக்குள் வந்த பரிசும்

கேள்வி இதுதான்: 31 வயதே ஆன ஓர் இயற்பியலாளர் ஸ்வீடன் அரசரின் கையால் நோபல் பரிசு பெற்றார் என்கிறார்கள், மற்ற அறிஞர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருக்கையில் அவருக்கு மட்டும் அது எப்படி ஓர் ஆண்டுக்குள் வந்தது, அதில் அரசருக்கு ஏதேனும் பங்கு உண்டா, அவருடைய கருத்தைச் சோதனையால் நிறுவிக் காட்டியவர் ஏன் அந்த மேடையில் இல்லை? இவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், தனித்தனியே விடை சொல்வதைவிட நடந்ததை முறையாகச் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

அந்த இளைஞர் சுங்-தாவ் லீ. 1926 நவம்பர் 24 அன்று ஷாங்காயில் பிறந்தவர். 1957 டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோம் இசைமண்டபத்தில் அரசர் ஆறாம் குஸ்தாவ் அடால்ஃப் அவர்களிடமிருந்து பதக்கத்தையும் பட்டயத்தையும் பெற்றபோது அவருக்கு 31 வயது நிறைந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. அவருடன் பரிசைப் பகிர்ந்துகொண்ட சென்-நிங் யாங் அப்போது 35 வயதினர். அறிவியல் நோபல் பரிசுகளில் லீயைவிட இளம் வயதில் பரிசு அறிவிக்கப்பட்டவர் ஒருவரே உண்டு. 1915இல் தந்தையுடன் சேர்ந்து 25 வயதில் பரிசு பெற்ற லாரன்ஸ் பிராக் அவர். ஆனால் அது முதல் உலகப் போர்க்காலம். பிராக் அப்போது பிரான்ஸ் போர்முனையில், பீரங்கியின் ஒலியைக்கொண்டு அதன் இருப்பிடத்தைக் கண்டறியும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில் விழாவே நடக்கவில்லை. ஆகவே அந்த மேடையில் நேரில் நின்று அரசர் கையால் அறிவியல் பரிசு வாங்கியவர்களில் மிக இளையவர் லீ என்பதே சரி.

அரசரின் பங்கைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இயற்பியல் பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பது 1739இல் நிறுவப்பட்ட அரச ஸ்வீடிய அறிவியல் கழகம். பெயரில் ‘அரச’ என்ற சொல் இருந்தாலும் அது தன்னுரிமையுடன் இயங்கும் அறிஞர் அவை; அரண்மனைக்கு அதன் தேர்வில் எந்தக் குரலும் இல்லை. உலகெங்கும் உள்ள தகுதி பெற்ற பேராசிரியர்களும் முன்னாள் பரிசாளர்களும் ஜனவரி முடிவதற்குள் பரிந்துரைகளை அனுப்புகிறார்கள். கழகத்தின் இயற்பியல் குழு அவற்றை மாதக்கணக்கில் ஆராய்ந்து அறிக்கை தருகிறது. இலையுதிர் காலத்தில் கழகம் கூடி வாக்களிக்கிறது. அதற்குப் பின்னரே, ஆல்ஃபிரட் நோபல் இறந்த நாளான டிசம்பர் 10 அன்று, அரசர் வருகிறார். அன்றும் அவர் உரை நிகழ்த்துவதில்லை. கழக உறுப்பினர் ஒருவர் அந்தக் கண்டுபிடிப்பு என்ன, ஏன் முக்கியமானது என்று அவைக்கு எடுத்துரைத்துவிட்டு, இறுதியில் பரிசாளரை நோக்கித் திரும்பி, அரசரின் கையிலிருந்து பரிசைப் பெற்றுக்கொள்ளுமாறு அழைக்கிறார். பரிசாளர் நடந்து சென்று அரசரிடம் கைகுலுக்கிப் பதக்கமும் பட்டயமும் பெறுகிறார். எக்காள ஒலி எழ, அவை கைதட்டுகிறது. எனக்கு இந்த அமைப்பு மிகவும் பிடித்தது. ஒரு நாட்டின் தலைவர், தாம் தேர்ந்தெடுக்காத ஒருவருக்கு, ஒரு நிபுணர் அதற்கான காரணத்தை விளக்கி முடிக்கும்வரை காத்திருந்து மரியாதை செய்கிறார். மேடையில் முதன்மை பெறுவது அறிவியல் விளக்கந்தான். அரசரின் கை அந்த விளக்கத்துக்கு முத்திரை வைக்கிறது.

1957இல் அந்த விளக்கவுரையை ஆற்றியவர் ஆஸ்கர் கிளைன். குவாண்டம் கொள்கையைப் படித்தவர்களுக்கு அவருடைய பெயர் கிளைன்–கோர்டன் சமன்பாட்டின் வழியே அறிமுகமாகியிருக்கும். பரிசாளர்களின் வேலை எவ்வளவு ஆழமானது என்பதைத் தன் துறை அனுபவத்திலிருந்தே சொல்லக்கூடிய ஒருவர் அவர்களை அறிமுகப்படுத்தினார் என்பது அந்த விழாவின் சிறப்புகளுள் ஒன்று.

இன்னொரு பொருத்தமும் அன்று அமைந்தது. ஆறாம் குஸ்தாவ் அடால்ஃப் அரியணைக்காக மட்டும் வளர்ந்தவர் அல்லர். தொல்லியலைக் கற்று, அகழாய்வுக் களங்களில் தாமே இறங்கி வேலை செய்தவர். பட்டத்து இளவரசராக இருந்த 1926இல் உலகப் பயணத்தின்போது சீனாவுக்குச் சென்றார். பழைய சீன வெண்கலப் பொருள்களையும் பீங்கான்களையும் கண்டு மதிப்பிடுவதில் ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட சேகரிப்பாளர். அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த அந்தச் செல்வம் பின்னாளில் ஸ்டாக்ஹோமின் கீழைத்தேய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அப்படிப்பட்ட ஒருவரின் முன், நோபல் வரலாற்றில் முதன்முறையாக இரண்டு சீனர்கள் பரிசு பெற வந்து நின்றார்கள். இருவரும் அமெரிக்காவில் பணிபுரிந்தாலும் அன்று சீனக் குடிமக்களாகவே இருந்தனர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 1960களில்தான்.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். நோபலின் உயில், ‘கடந்த ஆண்டில்’ மனிதகுலத்துக்குப் பெரும் நன்மை செய்தவர்களுக்குப் பரிசு தரவேண்டும் என்று கூறுகிறது. அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற முடியாது என்பதைக் கழகம் தொடக்கத்திலேயே உணர்ந்தது. ஒரு கண்டுபிடிப்பு நிலைக்குமா என்பது தெரியக் காலம் வேண்டும். சி. வி. ராமனுக்கு 1928 பிப்ரவரியில் கண்ட விளைவுக்காக 1930 டிசம்பரில் பரிசு வந்தது, அது விரைவானது. அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகரோ, 1930இல் கப்பலில் இங்கிலாந்து செல்லும் வழியிலேயே வெண்குறுமீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டவர். பரிசு பெற அவர் அதே ஸ்டாக்ஹோம் மேடையில் ஏறியது 1983இல், 73 வயதில். இதில் மனத்தைத் தைக்கும் ஒரு செய்தி உண்டு. 1940களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரின் வகுப்பில் அமர்ந்து படித்தவர்களில் லீயும் யாங்கும் இருந்தனர். லீயின் முனைவர் பட்ட ஆய்வேடு, என்ரிக்கோ ஃபெர்மியின் மேற்பார்வையில் எழுதப்பட்டது. அதன் பொருளே வெண்குறுமீன்களில் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க முடியும் என்பதுதான். மாணவர்கள் ஆசிரியருக்கு 26 ஆண்டுகள் முன்னதாகவே அரசர் முன் நின்றார்கள்.

அந்த வேறுபாட்டுக்குத் திறமையின் ஏற்றத்தாழ்வு காரணம் அல்ல. சந்திரசேகரின் முடிவு சரியா என்பதை வானில் தேடி உறுதிப்படுத்தப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. வானியலாளர் ஆர்தர் எடிங்டன் போன்ற பெரியவரின் எதிர்ப்பும் அதற்குக் குறுக்கே நின்றது. லீயும் யாங்கும் எழுப்பியது, ஆய்வகத்தில் சில மாதங்களில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று விடை சொல்லக்கூடிய கேள்வி. ஆம், அவர்களுக்குக் கிடைத்த பரிசு அடிப்படையில் ஒரு கேள்விக்கான பரிசு. இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கழகத்தின் பரிசுக் குறிப்பும் அவர்கள் ஒரு விதியைக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. இடவலச் சமச்சீர்மை விதிகளை அவர்கள் ஊடுருவி ஆராய்ந்ததையும், அது அடிப்படைத் துகள்களைப் பற்றிய முக்கியமான கண்டுபிடிப்புகளுக்கு வழிவகுத்ததையுமே பாராட்டுகிறது.

அந்தச் சமச்சீர்மை என்ன? இயற்கையில் நடக்கும் எந்த நிகழ்வையும் கண்ணாடியில் பார்த்தால், கண்ணாடிக்குள் தெரியும் நிகழ்வும் இயற்கையில் நடக்கக்கூடியதாகவே இருக்கும் என்பது அதன் சாரம். வலக்கையால் எழுதுபவர் கண்ணாடியில் இடக்கையால் எழுதுவதாகத் தெரிகிறார். அது அரிதாக இருக்கலாம், ஆனால் நடக்க முடியாதது அன்று. இயற்கையின் அடிப்படை விதிகளுக்கு இடம், வலம் என்ற பாகுபாடு தெரியாது என்று இயற்பியலாளர்கள் நம்பினர். இந்தச் சமச்சீர்மையை அளவிடும் குவாண்டம் எண்ணுக்குப் பாரிட்டி என்று பெயர். அது எந்த நிகழ்விலும் மாறாது என்பதே விதி. ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவைப் பிணைக்கும் வன்விசை ஆகியவற்றில் அது பொய்த்ததே இல்லை. முப்பது ஆண்டுகளாகக் கணக்குப் போடுபவர்கள் அனைவரும் அதைக் கேள்வியின்றிப் பயன்படுத்தி வந்தனர்.

1950களின் நடுவில் ஒரு புதிர் எழுந்தது. அண்டக்கதிர்களிலும் துகள்முடுக்கிகளிலும் தௌ, தீட்டா என்று பெயரிடப்பட்ட இரண்டு துகள்கள் காணப்பட்டன. இரண்டுக்கும் நிறை ஒன்று, ஆயுட்காலமும் ஒன்று. ஆனால் தீட்டா, பையான் எனப்படும் சிறு துகள்கள் இரண்டாகச் சிதைந்தது. தௌ மூன்றாகச் சிதைந்தது. ரிச்சர்ட் டாலிட்ஸ் தௌ சிதைவின் தரவுகளை ஆராய்ந்து காட்டிய முறைப்படி, இந்த இரண்டு முடிவுநிலைகளின் பாரிட்டியும் எதிரெதிரானவை. பாரிட்டி மாறாது என்றால் தௌவும் தீட்டாவும் வேறுவேறு துகள்களாக இருக்கவேண்டும். வேறுவேறு என்றால் நிறையும் ஆயுளும் ஏன் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகின்றன? 1956 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் நடந்த மாநாட்டில் இது விரிவாக விவாதிக்கப்பட்டது. இரண்டும் ஒரே துகளாக இருந்து, பாரிட்டி விதிதான் மீறப்படுகிறதோ என்ற கேள்வியைச் சோதனை இயற்பியலாளர் மார்ட்டின் பிளாக்கின் சார்பில் ரிச்சர்ட் ஃபைன்மேன் அவையில் எழுப்பினார். தாமும் லீயும் அதைப் பற்றி யோசித்ததாகவும் முடிவுக்கு வரவில்லை என்றும் யாங் பதிலளித்தார்.

ஆக, அந்த எண்ணம் முதலில் தோன்றியது இவர்களுக்கு மட்டும் அன்று. இவர்கள் செய்தது அதற்கு அடுத்த, பிறர் செய்யாத வேலை. 1956 மே மாதத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த லீயும், ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் கோடையைக் கழித்துக்கொண்டிருந்த யாங்கும் வாரந்தோறும் சந்தித்துப் பேசினார்கள். ஒரு முக்கியமான உரையாடல் நியூயார்க்கின் 125ஆம் தெருவுக்கு அருகே ஒரு சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. அங்கிருந்து அவர்கள் புறப்பட்டது ஓர் எளிய, கடுமையான பணிக்கு: பீட்டாச் சிதைவு (அணுக்கரு ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்து மாறுவது) போன்ற, இத்தகைய சிதைவுகளுக்குக் காரணமான மென்விசையின் நிகழ்வுகளில் அதுவரை செய்யப்பட்டிருந்த சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது பாரிட்டி விதியைச் சோதித்ததா என்று கணக்கிட்டுப் பார்ப்பது. விடை அவர்களையே திகைக்கவைத்தது. எந்தச் சோதனையும் சோதிக்கவில்லை. மற்ற விசைகளில் உறுதிப்பட்ட விதியை மென்விசைக்கும் பொருந்தும் என்று அனைவரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். சரிபார்த்தவர் யாரும் இல்லை. (1928இலேயே ரிச்சர்ட் காக்ஸும் அவருடைய சகாக்களும் ரேடியத்தின் எலக்ட்ரான்களைச் சிதறடித்துச் செய்த சோதனையில் விந்தையான ஓர் இடவல வேறுபாடு தென்பட்டிருந்தது; அதன் பொருள் என்ன என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.)

1956 ஜூனில் அவர்கள் ஆய்வுக்கட்டுரையை ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்கு அனுப்பினர். அக்டோபர் 1 அன்று அது வெளிவந்தது. மென்விசையில் பாரிட்டி மாறாதிருக்கிறதா என்று வினாக்குறியோடு அவர்கள் கொடுத்த தலைப்பை, தலைப்புகளில் வினாக்குறி கூடாது என்ற இதழின் வழக்கத்தால் பதிப்பாளர் மாற்றினார். கட்டுரையின் வலிமை அதன் அடக்கத்தில் இருக்கிறது. விதி பொய் என்று அவர்கள் எங்கும் கூறவில்லை. சான்று இல்லை என்று காட்டினார்கள். பின்னர், எந்தெந்தச் சோதனைகள் அந்தச் சான்றைத் தரும் என்று பட்டியலிட்டார்கள். தற்சுழற்சி ஒரே திசையில் நிறுத்தப்பட்ட அணுக்கருக்களின் பீட்டாச் சிதைவு, பையான் மியூவானாகி எலக்ட்ரானாகும் தொடர்ச்சிதைவு முதலியவை அந்தப் பட்டியலில் இருந்தன. இன்று ஆய்வு தொடங்கும் இளைஞர்கள் அந்தக் கட்டுரையின் அமைப்பை மட்டுமாவது படிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். ஓர் ஐயத்தை எப்படிச் சோதனைச்சாலைக்குள் கொண்டுசேர்ப்பது என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கட்டுரை வெளிவருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கியவர் சியன்-ஷியுங் வூ. 1912இல் சீனாவில் பிறந்து, 1936இல் அமெரிக்கா வந்து, பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர். கொலம்பியாவில் லீயின் சக ஆசிரியர். பீட்டாச் சிதைவில் அவரைவிடத் துல்லியமான அளவீட்டாளர் அன்று உலகில் இருந்தாரா என்பது ஐயமே. லீ அவரிடம் ஆலோசனை கேட்டபோதே இதன் முக்கியத்துவத்தை உணர்ந்துகொண்டார். கணவருடன் கப்பலில் ஐரோப்பாவும் ஆசியாவும் செல்ல ஏற்பாடாகியிருந்த பயணத்தை, சீனாவை விட்டு வந்து இருபது ஆண்டு நிறைந்த அந்த வேளையில், தமக்கு மட்டும் விலக்கிக்கொண்டார். கணவர் தனியே சென்றார். வேறு யாரேனும் முந்திக்கொள்வதற்குள் சோதனையைச் செய்துவிடவேண்டும் என்பதே காரணம்.

சோதனை கருத்தளவில் எளிது. செயலளவில் மிகக் கடினம். கதிரியக்கம் கொண்ட கோபால்ட்-60 அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் தன் அச்சில் சுழல்கின்றன. சாதாரண வெப்பநிலையில் அந்த அச்சுகள் எல்லாத் திசைகளிலும் சிதறிக்கிடக்கும். அவற்றை ஒரே திசையில் நிறுத்த வேண்டுமானால் தனிச்சுழிக்கு (இயற்கையின் மிகத் தாழ்ந்த வெப்பநிலை எல்லைக்கு) மேல் கெல்வினில் சுமார் நூறில் ஒரு பாகம் வரை குளிர்விக்கவேண்டும், காந்தப்புலமும் வேண்டும். கொலம்பியாவில் அந்த வசதி இல்லாததால் வாஷிங்டனில் இருந்த தேசியத் தரநிலைப் பணியகத்தின் எர்னஸ்ட் ஆம்ப்ளரையும் அவருடைய குழுவினரையும் வூ சேர்த்துக்கொண்டார். அணுக்கருக்கள் வரிசைப்பட்டபின், வெளிவரும் எலக்ட்ரான்கள் அச்சின் இரு முனைகளிலும் சமமாகப் பிரிகின்றனவா என்று எண்ணவேண்டும். சமமாக இல்லை என்றால் விதி வீழ்ந்தது. காரணம் இதுதான்: சுழலும் அணுக்கருவின் பக்கவாட்டில் கண்ணாடியை வைத்தால், பிம்பத்தில் சுழற்சியின் திசை மாறும், ஆனால் கீழ்நோக்கிச் செல்லும் எலக்ட்ரான் கீழ்நோக்கியே செல்லும். எலக்ட்ரான்கள் சுழற்சி அச்சுக்கு எதிராகவே மிகுதியாக வெளிவருமாயின், கண்ணாடிக்குள் அவை அச்சின் வழியே வருவதாகத் தெரியும். அப்படிப்பட்ட கோபால்ட் இயற்கையில் இல்லை. கண்ணாடிக்கு உள்ளும் வெளியும் வேறுவேறு உலகமாகிவிடும்.

வூவின் குழு கண்டது அதையேதான். குளிர்ந்த நிலையில் ஏற்றத்தாழ்வு தெளிவாகத் தெரிந்தது. சில நிமிடங்களில் படிகம் வெப்பமடைந்து அணுக்கருக்கள் வரிசை கலைந்ததும் அது மறைந்தது. காந்தப்புலத்தைத் திருப்பினால் ஏற்றத்தாழ்வும் திரும்பியது. 1956 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பனியால் விமான நிலையம் மூடப்பட்டிருந்ததால், வூ இரயிலில் நியூயார்க் திரும்பி லீயிடம் முதல் அறிகுறிகளைச் சொன்னார். ஜனவரி 4, வெள்ளிக்கிழமை மதிய உணவின்போது லீ இதைச் சக ஆசிரியர்களிடம் சொல்ல, லியோன் லெடர்மேன் அன்றிரவே ரிச்சர்ட் கார்வினை அழைத்தார். அவர்களும் மாணவர் மார்செல் வைன்ரிச்சும் கொலம்பியாவின் நெவிஸ் துகள்முடுக்கியில் மியூவான்களைக்கொண்டு அந்த வார இறுதியிலேயே சோதனையை அமைத்து, செவ்வாய்க்கிழமை அதிகாலையில் விடையைக் கையில் வைத்திருந்தனர். வூவின் குழு தன் சரிபார்ப்புகளை முடிக்கும்வரை அவர்கள் காத்திருந்தது போற்றத்தக்கது. இரண்டு கட்டுரைகளும் பிப்ரவரி 15 இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. சிகாகோவில் ஜெரோம் ஃபிரீட்மேனும் வாலன்டைன் டெலெக்டியும் வேறொரு முறையில் அதே முடிவை எட்டியிருந்தனர்.

இது எவ்வளவு எதிர்பாராதது என்பதற்கு ஒரு சான்று போதும். குவாண்டம் இயற்பியலின் கண்டிப்பான ஆசான் எனப்பட்ட வோல்ஃப்காங் பௌலி, 1957 ஜனவரி நடுவில் நண்பர் வைஸ்கோப்புக்கு எழுதிய கடிதத்தில், கடவுள் சிறிதளவே இடக்கைக்காரர் என்பதைத் தம்மால் நம்ப முடியவில்லை என்றும், சோதனை சமச்சீரான விடையையே தரும் என்று பெருந்தொகை பந்தயம் கட்டத் தயார் என்றும் கூறினார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது. ஃபைன்மேன் ஐம்பதுக்கு ஒன்று என்று உண்மையாகவே பந்தயம் கட்டித் தோற்றார்.

பரிசு விரைந்து வந்ததன் காரணம் இப்போது விளங்கும். ஒரே நேரத்தில், ஒன்றையொன்று சாராத மூன்று சோதனைகள், ஒரே விடையை, ஐயத்துக்கு இடமின்றித் தந்தன. அதன்பின் சில மாதங்களில் உலகின் பல ஆய்வகங்கள் அதை மீண்டும் மீண்டும் உறுதிசெய்தன. காத்திருந்து பார்க்கக் கழகத்துக்கு எதுவும் மிச்சமில்லை. அதுமட்டுமன்று: விதி வீழ்ந்த இடத்தில் புதிய கட்டடம் அதே ஆண்டிலேயே எழத் தொடங்கியது. மென்விசையின் சரியான வடிவத்தை 1957இல் வகுத்தவர்களில், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ராச்செஸ்டரில் ராபர்ட் மார்ஷக்கிடம் ஆய்வு மாணவராக இருந்த கேரளத்தவர் ஈ. சி. ஜி. சுதர்சன் ஒருவர், அப்போது அவருக்கு வயது 26. அந்த வேலைக்கு நோபல் பரிசு வந்ததே இல்லை என்பது வேறொரு நீண்ட கதை.

அதனால் வூவின் பெயருக்கே திரும்புகிறேன். 1957இல் இயற்பியல் பரிசில் இரண்டு பெயர்களே இருந்தன. மூன்றாவது பெயருக்கு இடம் இருந்தது. அவரைச் சேர்க்காததற்குப் பலர் பல காரணங்கள் சொல்கிறார்கள். சோதனையில் தரநிலைப் பணியகத்தின் நால்வருக்கும் பங்கு உண்டு, நெவிஸ் குழுவின் முடிவும் அதே நாளில் வெளிவந்தது, யாரை எடுத்து யாரை விடுவது என்பது சிக்கல் என்பன அவற்றுள் சில. இவற்றில் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும் எனக்கு அவை நிறைவளிக்கவில்லை. எதை அளக்கவேண்டும் என்று லீயும் யாங்கும் கேட்டபோது, அளக்க முடியும் என்று முதலில் நம்பியவர், தேவையான குழுவைத் திரட்டியவர், மற்றவர்கள் தயங்கி நின்ற கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தவர் வூ. நெவிஸ் சோதனை தொடங்கியதே அவருடைய முதல் முடிவைக் கேள்விப்பட்ட பிறகுதான். பின்வந்த ஆண்டுகளில் அவர் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் பரிசு வரவில்லை. 1978இல் இயற்பியலுக்கான முதல் உல்ஃப் பரிசு இஸ்ரேலில் அவருக்கு வழங்கப்பட்டது. ஒரு கேள்வியைப் போற்றிய கழகம், அதற்கு விடை கண்ட கைகளையும் அதே மேடைக்கு அழைத்திருக்கவேண்டும் என்பதே என் கருத்து. இது லீ, யாங் ஆகியோரின் பெருமையைக் குறைக்காது.

விழா முடிந்த அன்றிரவு ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தில் விருந்து. அந்நாளில் அது பொன்னிற மொசைக் சுவர்கள் கொண்ட தங்க மண்டபத்தில் நடந்தது. இலக்கியப் பரிசு பெற்ற ஆல்பெர் காம்யுவும் அன்று அங்கே பேசினார். அந்த உரையின் புகழில் இரண்டு இளம் இயற்பியலாளர்கள் ஆற்றிய சிற்றுரைகளைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டும் கவனிக்கத்தக்கவை. யாங், நோபல் பரிசுகள் தொடங்கிய 1901ஆம் ஆண்டையே எடுத்துக்கொண்டார். அந்நியருக்கு எதிராகச் சீனாவில் எழுந்த பாக்ஸர் கிளர்ச்சிக்குப் பின் வல்லரசுகள் சீனாவின்மீது பெரும் இழப்பீட்டுத் தொகையைச் சுமத்திய உடன்படிக்கையும் அதே ஆண்டில்தான் கையெழுத்தானது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அமெரிக்கா பின்னர் சீன மாணவர்களின் கல்விக்கென ஒதுக்கியது. அந்த உதவித்தொகையில் சிகாகோ சென்றவர் யாங். சீன மரபில் தமக்குள்ள பெருமிதமும், மேற்கில் தோன்றிய நவீன அறிவியலில் தமக்குள்ள பற்றும் சமமானவை என்று அவர் அந்த அவையில் சொன்னார். தன் நாடு பட்ட அவமானத்தையும் தான் பெற்ற வாய்ப்பையும் மறைக்காமல், அரசர் அமர்ந்திருந்த அவையிலேயே, கசப்பின்றிச் சேர்த்துச் சொல்ல எவ்வளவு நிதானம் வேண்டும்!

லீ சொன்னது ஒரு பழைய சீனக் கதை. எல்லா வல்லமையும் பெற்ற குரங்கு ஒன்று புத்தரோடு பந்தயம் கட்டுகிறது: அவருடைய உள்ளங்கையிலிருந்து தாவி வெளியே போய்விட்டால் வானுலக அரியணை அதற்கு. குரங்கு காலங்காலமாகப் பாய்ந்து, உலகின் எல்லையில் ஐந்து தூண்களைக் கண்டு, வந்ததற்கு அடையாளம் வைத்துவிட்டுத் திரும்புகிறது. அந்தத் தூண்கள் புத்தரின் விரல்களே. குரங்கு கையைத் தாண்டவே இல்லை. நாம் எவ்வளவு வேகமாக முன்னேறினாலும் முழு உண்மையிலிருந்து வெகுதூரத்தில்தான் இருக்கக்கூடும் என்று 31 வயதில், வாழ்க்கையின் உச்சமான இரவில், அவர் கூறினார். ஒரு விதியைத் தகர்த்துப் பரிசு பெற்றவர் அன்றே இதைச் சொன்னது வெறும் அவையடக்கமாக எனக்குத் தோன்றவில்லை. அனைவரும் உறுதியென்று நம்பியது எவ்வளவு மெல்லிய சான்றின்மேல் நின்றது என்பதை ஓராண்டுக்கு முன்தான் அவர் தம் கையால் கணக்கிட்டுக் கண்டிருந்தார்.

லீயின் இளமையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். போரால் சீனாவின் பல்கலைக்கழகங்கள் உள்நாட்டுக்குள் இடம்பெயர்ந்த காலத்தில், குன்மிங்கில் பாதிப் படிப்பில் இருந்தவர் அவர். ஆசிரியர் வூ தா-யூ அவருடைய திறனைக் கண்டு பரிந்துரைத்ததால், இளநிலைப் பட்டமே இல்லாமல் 1946இல் சிகாகோவின் ஆய்வுப் பிரிவில் சேர முடிந்தது. பட்டச் சான்றிதழைக் கேட்டிருந்தால் அவர் அங்கே நுழைந்திருக்க முடியாது. கொலம்பியா அவரை 29 வயதில் முழுப் பேராசிரியர் ஆக்கியது. ஆகவே மிக இளம் வயதில் பரிசு என்பது ஒரு தனிமனிதரின் மேதைமையால் மட்டும் வருவதில்லை. வயதையும் தாளையும் பாராமல் கதவு திறக்கும் ஆசிரியர்களும் நிறுவனங்களும் அதற்கு வேண்டும். இதை லீ மறக்கவில்லை. 1979 முதல் பத்தாண்டுகள் அவர் நடத்திய தேர்வுத் திட்டத்தின் வழியே 900க்கும் மேற்பட்ட சீன மாணவர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயற்பியல் ஆய்வுக்குச் சென்றனர்.

வருந்தத்தக்க பக்கமும் உண்டு. அவ்வளவு நெருக்கமாக உழைத்த இருவரும் 1962இல் பிரிந்தனர். எந்த எண்ணம் யாருக்கு முதலில் தோன்றியது என்ற வழக்கு அவர்களுடைய முதுமைவரை தீரவில்லை. லீ 2024 ஆகஸ்டில் 97 வயதிலும், யாங் 2025 அக்டோபரில் 103 வயதிலும் மறைந்தார்கள்.

இப்படி அடுத்த ஆண்டிலேயே பரிசு இனியும் வருமா என்றால், அரிதாக வருகிறது. உயர்வெப்பநிலை மீகடத்திகளை (தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களை) 1986இல் கண்ட பெட்நோர்ட்ஸும் முல்லரும் 1987இல் பெற்றனர். 2016இல் அறிவிக்கப்பட்ட ஈர்ப்பலைகளுக்கு 2017இல் பரிசு கிடைத்தது. ஆனால் லீ–யாங் கேள்வியின் நேரடி வாரிசான கண்டுபிடிப்புக்கே அந்த வேகம் கிட்டவில்லை. இடவலத்தோடு துகள்–எதிர்த்துகள் மாற்றத்தையும் (துகளின் இடத்தில் எதிர் மின்னூட்டம் கொண்ட அதன் இணையை வைப்பதை) சேர்த்தால் சமச்சீர்மை காப்பாற்றப்படும் என்று 1957க்குப் பின் பலர் ஆறுதலடைந்திருந்தனர். 1964இல் ஜேம்ஸ் க்ரோனினும் வால் ஃபிட்சும் அதுவும் மீறப்படுவதைக் காட்டினர். அவர்கள் ஸ்டாக்ஹோம் செல்ல 1980 வரை ஆனது. இளமையைப் பொறுத்தவரை, 1957க்குப் பின் லீயைவிடக் குறைந்த வயதில் எந்த அறிவியலாளரும் அந்த மேடையில் ஏறவில்லை. 1961இல் மோஸ்பவர் 32 வயதிலும், 1973இல் ஜோசப்சன் 33 வயதிலும் ஏறினார்கள். 2024இல் வேதியியல் பரிசு பெற்ற ஜான் ஜம்பருக்கு 39 வயது.